களவாய் மீனுக்கு வீட்டு நம்பர் உண்டு

படகில் ஐந்து பேர் இருந்தோம். படகோட்டி நசீர் நானா, கொழும்பிலிருந்து வந்த ஒரு புதுமண ஜோடி, என் மாமா மகள் கலைவாணி, நான். வராதவர் ஒருவர் – கலையின் அப்பா ஆறுமுகம் மாமா. "மக கடலுக்குள்ள எறங்குறத நா கண்ணால பாக்க மாட்டேன் சாமி" என்று, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே இருந்துவிட்டார்.

நடந்தது போன செவ்வாய். இடம் திருகோணமலைப் பக்கம், கரையிலிருந்து இருபது நிமிடம். எங்களுக்குக் கீழே நாற்பது அடியில் பழைய பஸ்கள். ஓடிக் களைத்த பஸ்களின் எஞ்சினையும் சீட்டையும் கழற்றி, எண்ணெய் போகக் கழுவி, மீன் பெருகட்டும் என்று கடலில் இறக்கியிருக்கிறார்கள். வெறும் மணல் கிடக்கும் இடத்தில் மீனுக்கும் ஒதுங்க ஒரு சுவர் வேண்டாமா? நல்ல வேலைதான். அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கலை அங்கே டைவ் கைட். ஐந்து வருடத்துக்கு முன் சிலிண்டர் கழுவும் வேலைக்குப் போனவள். இப்போது அவள் முன்னால் நீந்த, மற்றவர்கள் பின்னால் போகிறார்கள். நாலு நாள் கோர்ஸ் முடித்த நானும் போனேன்.

முதலில் நீலம் மட்டும். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிறகு, பனிக்குள்ளிருந்து வருவது போல ஒரு பஸ்... இன்னொன்று... வரிசையாக. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக மஞ்சள் கோடு போட்ட சிறு மீன்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே போய், மறுபக்கம் வந்தன. புட்போர்டில் முள்ளை விரித்துக்கொண்டு ஒரு மீன், இடம் விடாமல் நின்றது. எங்கள் ஊர் கண்டக்டர்களே பரவாயில்லை!

கலை கையில் ஒரு பிளாஸ்டிக் பலகை. தண்ணீருக்குள்ளேயே பென்சிலால் எழுதுகிறாள். எட்டிப் பார்த்தேன். 'பஸ் 4, பின் கதவு – களவாய் 1. பஸ் 4, டிரைவர் பக்கம் – களவாய் 1, சிறிது.' எந்த மீன் எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் குடியிருக்கிறது என்ற பதிவு அது.

விளையாட்டுக்கு எழுதவில்லை. இதை மாதாமாதம் எடுக்க ஒரு திட்டத்தில் ஆள் சேர்க்கிறார்கள். கிழக்கில் டைவ் சீசன் பாதி வருடம்தான். மீதிப் பாதி கலைக்குச் சம்பளம் இல்லை. இந்த வேலை கிடைத்தால் பன்னிரண்டு மாதமும் சம்பளம். அப்ளிகேஷன் போட்டுவிட்டு, இன்டர்வியூ கடிதத்துக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும் நாளில் கை பழகட்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் நசீர் நானா கேட்டார்:

"என்ன புள்ள, நீ இன்டர்வியூக்குப் போகல்லயா? பக்கத்துக் கடைப் பொடியன் வியாழக்கெழமயே போய் வந்துட்டானே?"

கலையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏனென்றால், அந்த அப்ளிகேஷனை நிரப்பியவன் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் அல்லவா, லயத்தில் எல்லாருடைய விண்ணப்பப் பாரமும் என் கையெழுத்தில்தான் போகும். முகவரிக் கட்டத்தில் கதவு நம்பர், லயத்து நம்பர், டிவிஷன், தோட்டம் என்று ஒன்று விடாமல் அழகாக எழுதியிருந்தேன். எழுதினால் கடிதம் கதவுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். தோட்டத்தில் பிறந்தவன் அப்படி நினைக்கலாமா?

எங்கள் தோட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ஒபீஸோடு நின்றுவிடும். காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்தில், தொழிலாளர் பேர்ப் பட்டியலான செக்ரோலைப் பார்த்துப் பேர் வாசிப்பார்கள். கடிதம் வந்தவரையும் அங்கேதான் கூப்பிடுவார்கள். அங்கே நிற்பவனுக்குக் கடிதம். கலை தோட்டத்தில் வேலை செய்பவள் இல்லை. மாமா பென்ஷன் வயதில் நின்றுவிட்டவர். அவர்கள் வீட்டிலிருந்து யார் பெரட்டுக்குப் போவது?

கரையிலிருந்து போன் போட்டாள். மாமா ஒபீஸுக்கு ஓடினார். போனை அணைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"ரெண்டு நாள் வாசிச்சோம் ஆறுமுகம். யாரும் கை தூக்கல. செக்ரோல்ல அப்படி ஒரு பேரே இல்லையே." அது ஒபீஸ் கிளாக்கர்.

"முப்பத்தொம்பது வருஷம் இங்க பால் வெட்டுன ஆளுங்க நா. என் வீடு தெரியாதுங்களா ஐயா?"

"தெரியும். அதுக்காக வீடு வீடா கொண்டு குடுக்க நா என்ன போஸ்ட்மேனா?"

பதிவுத் தபால் அது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர்தான். பதினொரு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தவரும் அவர்தான். 'போஸ்ட்மேனா' என்று கேட்கிறார்!

திட்ட அலுவலகத்துக்கு நான் போன் எடுத்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க தந்த அட்ரஸுக்குத்தான் அனுப்பினோம் தம்பி. நாளைக்குப் பத்து மணியோட லிஸ்ட் முடியுது. ஒரிஜினல் லெட்டரோட வந்தா பாக்கலாம்."

"போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா சேர்?"

"போட்டோ எல்லாம் சரிவராது."

கலை அருகில் நின்று, கையிலிருந்த பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த பஸ்ஸின் பின் கதவில் குடியிருக்கும் ஒரு களவாய் மீனை, நாற்பது அடி ஆழத்தில் தேடிப் போய்ப் பதிவதற்கு இந்த நாட்டில் ஆள் இருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் நாலு தலைமுறையாக ஒரே லயத்தில் இருக்கும் மனிதருக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. கேட்டால், அதுதான் தோட்டத்து வழக்கமாம். யாருக்கு வசதியான வழக்கம்?

கடிதம் மாமா கைக்கு வந்தபோது அன்றைய கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் தோட்டத்திலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு. அதைப் பிடித்தால் பத்து மணிக்குத் திருகோணமலை வராது. மாமா வேன் பிடித்தார். விடிய நாலு மணிக்கு ஏறி, கேகாலை, குருணாகல், தம்புள்ளை என்று, கடிதத்தைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது மணி ஒன்பது நாற்பது. "டிரைவர் மஹத்தயாவ வழி முழுக்க சிங்களத்துல 'யமு, யமு, போவோம்'ன்னு வெரட்டிக்கிட்டே வந்தேன்" என்றார். கடலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கலைக்கு வேலை கிடைத்துவிட்டது. நியமனக் கடிதத்துக்கு எந்த முகவரி என்று கேட்டார்களாம். டைவ் கடையின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். "அதான் கெடைச்சிருச்சில்ல, இன்னும் என்னத்துக்கு மச்சான் எழுதுறீங்க?" என்று கேட்கிறாள்.

இதற்காகத்தான் எழுதுகிறேன்: தோட்டத்து ஒபீஸிலிருந்து மாமாவின் கதவுக்கு நடந்தால் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை ஒருவரும் நடக்காததற்கு ஆறுமுகம் மாமா கட்டிய வேன் கூலி, போக வர, முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.