புள்ளிக்காக ஓடிய உரை

கண் டாக்டர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க வருஷா வருஷம் பயிற்சிப் புள்ளி சேர்த்தாக வேண்டும். பள்ளிப் பிள்ளை மாதிரி. அந்த எரிச்சலில், ஜார்ஜ் டவுன் கிளினிக் கம்ப்யூட்டரில் புள்ளி தரும் இணைய மருத்துவ உரையை ஓடவிட்டு, காதில் வாங்காமல் நோயாளிகளைப் பார்ப்பேன். கடைசியில் கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகத் தட்டினால் புள்ளி வந்துவிடும்.

அன்று பாயான் பாரு பக்கமிருந்து வந்த அக்கா ஒருவருக்குக் கண் அழுத்தம். தினமும் விடச் சொட்டு மருந்து எழுதினேன்.

“முதல்லயே லேசர் செய்யலாமாமே டாக்டர்?”

“யாரு சொன்னா, பக்கத்து வீட்டுக்காரரா?” என்று சிடுசிடுத்தேன்.

“உங்க கம்ப்யூட்டர்தான் லா. சோதிக்க மருந்து ஊத்தி இங்கயே அரை மணி நேரம் உட்கார வச்சீங்க. கண்ணு மங்கலாச்சு, வேற வேலையில்ல. கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த உரையை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். அக்கா சொன்னது சரி. புள்ளி மட்டும் ஏற்கெனவே என் பேரில் ஏறியிருந்தது.