தயிர்ச்சோறு தின்று குடிகாரன் ஆனேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாராயத்தை நான் மோந்துகூடப் பார்த்தவன் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் குடிகாரன் என்று முடிவு கட்டினார்கள். காரணம், தயிர்.

கொடைக்கானல் குளிரில் தயிர் லேசில் உறையாது. பால்சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தாலும் இரண்டு நாள் ஆகும். அதையே தீரும்வரை வைத்துச் சாப்பிட்டால் புளிப்பு நாக்கைச் சுருட்டும். போதாததற்கு, ஹாஸ்டல் கிச்சனில் மிஞ்சும் பழைய சீஸ் துண்டுகளை எங்களுக்குத் தருவார்கள். எனக்கு இரண்டும் உயிர்.

மத்தியானம் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் காது சுடும். கழுத்தும் முகமும் சிவந்து, கண் ரத்தமாகி, தலை விண்விண்ணென்று தெறிக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். உடம்புச் சூடு, மோர் குடி என்றார்கள். குடித்தேன். இன்னும் சிவந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றப் போனபோது ஹாஸ்டல் மேனேஜர் என்னை நிறுத்தி, வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். புளித்த மோர் வாடை அவருக்கு வேறு வாடையாகத் தெரிந்தது.

"பிள்ளைக உசுரு ஒங்கையில கெடக்கு. குடிச்சிட்டா வண்டி எடுக்கப்போற?" என்று சாவியை வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை இல்லை என்றார். வேலை போனால் பள்ளி கொடுத்திருந்த வீடும் போகும். சத்தியம் செய்து பார்த்தேன். குடித்தவன்தான் சத்தியம் செய்வான் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

மறுநாள் என்னைக் காய்கறி லோடு ஏற்றும் ஆளாக, மலைக்குள் இருக்கும் பூண்டி கிராமத்துக்கு அனுப்பினார். மழையில் பாதை அடைபட்டு மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். சோறு, உருளைக்கிழங்கு, கடுங்காப்பி, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் மனைவி என் முகத்தையே பார்த்தாள். "அங்க தலவலி வந்துச்சா?" என்று கேட்டாள். யோசித்தால், வரவே இல்லை. தயிர்ச்சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அரை மணியில் சிவந்துவிட்டேன்.

"இந்தத் தயிருதாங்க. நாளைக்கு அவரு கண்ணு முன்னாலயே தின்னு காட்டுங்க" என்றாள்.

மேனேஜரிடம் சொன்னேன். "பால் காப்பி நாலு வேள குடிக்கிற, அது ஒத்துக்கிருது. தயிரு மட்டும் ஒத்துக்கலையாக்கும்?" என்றார். கெஞ்சித்தான் சம்மதிக்கவைத்தேன்.

காலை எட்டு மணியிலிருந்து அவர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்குப் போனால்கூட வாட்ச்மேன் கூட வந்தார். பன்னிரண்டு மணிக்கு மனைவி தூக்குவாளியில் கொண்டுவந்த தயிர்ச்சோற்றையும் சீஸையும் அவர் முன்னால் தின்றேன். சிவக்காமல் போய்விடுமோ என்றுதான் அன்றைக்குப் பயம். முதலில் காது, பிறகு கழுத்து, பிறகு முகம். மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கிட்டே வந்து வாயை மோந்தார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார் என்று நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "வெரசா ரெண்டு டம்ளர் மோரு குடிப்பா. சூடு எறங்கிரும்."

தூக்குவாளியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம். மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாள்பட்டுப் புளித்த தயிரிலும் பழைய சீஸிலும் ஹிஸ்டமின் என்று ஒன்று சேரும், பாலில் அது அவ்வளவாக இருக்காது, சிலர் உடம்பு அதைத் தாங்காது என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அந்தப் பெயரெல்லாம் தெரியாமலே, தலை வலித்ததா என்று என்னையே கேட்டு, நான் சொன்னதை நம்பியவள் அவள் ஒருத்திதான். இப்போதெல்லாம் யாராவது இது எனக்கு ஆகாது என்றால், காரணம் புரியாவிட்டாலும் நான் முதலில் நம்பிவிடுகிறேன்.