குலப்பெயர் சொல்லிக் குடியிருந்த புழு

பப்புவா மலைநாட்டுப் பானியாய் ஏரியில் படகேறி இறால் அள்ளுவது பெண்களின் வேலை. யூலிதா கோபாய்க்குப் பன்னிரண்டு வயதில் துடுப்பு கிடைத்தது. முப்பத்தாறில் பறிபோனது. சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் அவள் வலிப்பு வந்து வெட்டி இழுத்து விழுந்ததை நாத்தனார் மர்த்தா பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து எந்தப் படகிலும் அவளுக்கு இடமில்லை.

"நடு ஏரியில அப்படி விழுந்தா எங்களையும் சேத்துல்ல கவுத்துப்புடுவ, அண்ணி?" மர்த்தா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். துடுப்பை மட்டும் தரவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் அமாதுஸ் அவள் முன்கையைத் தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் சின்னச் சின்ன உருண்டைகள் நழுவின.

"நாடாப்புழு, அக்கா. வேகாத பன்னிக்கறியில வந்தது. பெருசு வயித்துல கெடக்கும். அது போடுற முட்டை கை அழுக்கோட வாய்க்குள்ள போனா, குஞ்சுங்க கையில, தலையில போய்த் தங்கிடும். அதான் இழுக்குது."

"இத்தனை வருசம் என் உடம்பு தூங்கிக்கிட்டா இருந்துச்சு?"

"தூங்கல, ஏமாந்துச்சு. முன்னபின்ன தெரியாத ஒருத்தன் வந்து நானும் உங்க கோபாய் குலந்தான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அடுப்புப் பக்கத்துல உக்கார வச்சுக் கிழங்கு குடுப்போம்."

"அதேதான். உங்க உடம்புச் சத்தையே மேல பூசிக்கிட்டுச் சொந்தக்காரனாட்டம் உக்காந்திருக்கு. காவலுக்கு வர்றதையும் மயக்கிப்புடும். மாத்திரை போட்டா சாகும். செத்தா வேஷம் கலைஞ்சிரும். அப்பத்தான் உடம்பு அடிக்கப் பாயும், மூளை வீங்கும். வீக்கத்துக்கும் மருந்து தரணும். பத்து நாள் இங்கேயே இருங்க. தண்ணிப் பக்கம் போயிராதீங்க."

மூன்றாம் நாள், வெள்ளை நாடா போலப் புழு வெளியே வந்தது. உடம்பை விட்டுப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நோய் தீர்ந்ததென்பது அவள் வீட்டார் வழக்கம். கணவன் மெல்கியாஸ் ஏரிக்கரைக்கே போய்ச் சாட்சி சொன்னான்: "என் கண்ணால பாத்தேன். ஆள் உசரம்!"

நான்காம் நாள் காலை அமாதுஸ் தடுப்பூசி போட வெளியூர் போயிருந்தார். யூலிதா யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குக் கிளம்பினாள். மர்த்தா துடுப்பை நீட்டினாள்.

இரண்டு வலை நிறைந்தது. "கை மறக்கல, பாத்தியா?" என்றாள் யூலிதா. அப்போது வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கரைக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை.

படகு கவிழ்ந்தது. மர்த்தா ஒரு கையால் அவள் தலைமுடியைப் பற்றி, மறு கையால் படகைப் பிடித்து, அடுத்த படகு வரும்வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டே மிதந்தாள்.

பிறகு முழு வைத்தியமும் பார்த்தார்கள். இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. இனி படகேறலாம் என்று அமாதுஸே சொல்லிவிட்டார்.

"அவருக்கென்ன, அவரா தண்ணி குடிச்சாரு?" என்றாள் மர்த்தா. துடுப்பு அவள் கையிலேயே இருந்தது.

இப்போது படகுகள் திரும்பும்போது, மர்த்தா தன் பங்கில் பாதியை இலையில் பொதிந்து அவளிடம் தருகிறாள். காலையில் அவை கிளம்புகையில் யூலிதா கரையில் நின்று கத்துகிறாள்:

"நாணல் ஓரமாப் போங்கடி! நடுவுல இன்னிக்கு ஒண்ணும் கெடைக்காது!"

படகுகள் அந்தப் பக்கமாகத் திரும்புகின்றன.