நீராவி இல்லாமல் ஓடிய எண்ணெய்

கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. அறுபதுகளில், செம்பூர் எண்ணெய் ஆலை ஒன்றில் ஒரே பெண் எஞ்சினியராக இருந்தவளுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடியிருக்காது.

தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவிலிருந்து போய்வந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆலையில் கெட்டி எண்ணெயையும் மெல்லிய எண்ணெயையும் சரிபாதியாகக் கலந்து லாரியில் ஏற்றுவோம். பம்பைப் போடுமுன் நீராவி விட்டுக் கலவையைச் சூடாக்குவது அங்கே சாமி கும்பிடுவது மாதிரி. ஏன் என்று கேட்டால் மானேஜர் கணக்குச் சொல்வார்: கெட்டி எண்ணெயின் பிசுபிசுப்பு நானூறு, மெல்லியதற்கு இருபத்தைந்து, கூட்டிப் பாதியாக்கினால் இருநூற்றுச் சொச்சம். பம்ப் நூற்றைம்பதுக்கு மேல் தாங்காது.

ஒருநாள் பாய்லர் படுத்துவிட்டது. வாசலில் லாரி காத்து நின்றது. பிசுபிசுப்பை அளந்து பார்க்கலாமென்றால், லாபில் அதற்கிருந்த கண்ணாடிக் குழாய் ஏற்கெனவே உடைந்திருந்தது.

"சூடு பண்ண வேண்டாம் சார், அப்படியே ஓடும்" என்றேன். "பிசுபிசுப்பைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. மெல்லிய எண்ணெய் சேர்ந்தா கலவை ரொம்பவே இளகிடும். ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கோ, நூறுதான் வரும்."

மானேஜரும் மாட்டுங்காக்காரர்தான். "காலேஜ் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம்மா. பம்ப் எரிஞ்சா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம். சம்மதமா?"

"சம்மதம்." வாய் சொல்லிவிட்டது. அந்தச் சூத்திரம் உத்தேசம்தான், ஒத்த குணமுள்ள எண்ணெய்களுக்குத்தான் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கச்சா எண்ணெயில் பிறந்தவை என்ற தைரியத்தில் பேசிவிட்டேன்.

தாராவியிலிருந்து வரும் ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். பம்ப் முக்கியது, முனகியது. மானேஜர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரின் மின்சாரத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிய முள் தயங்கியது, இறங்கியது, நடுவில் நின்றது.

ஆபரேட்டர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். "சார், ஜோரா ஓடுதுல்லா! இதுக்கா இம்புட்டு நாளா ஆவி புடிச்சோம்?"

கத்த வேண்டும்போல் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கத்தவில்லை. வாய் கொள்ளாமல் சிரித்தேன்.

மறுநாள் பாய்லர் சரியாகிவிட்டது. வழக்கம்போல் நீராவி வால்வைத் திறக்கப் போன ஆபரேட்டரை மானேஜர் தடுத்தார்.

"இரு. மேடத்தைக் கேட்டுட்டுத் திற."

அதுவரை அவருக்கு நான் வெறும் 'ஏம்மா'தான்.

"வேண்டாம்" என்றேன். யாரும் திறக்கவில்லை.