இட்லி குண்டானுக்கு மூடி இல்லை

அன்று மதியம் வாடகைப் பாத்திரக் கடையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். முதலாளி தேவராஜ். பாத்திரம் ஏற்றி இறக்கும் ஏழுமலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பைக்கில் கோபமாக வந்து இறங்கிய முருகேசன். அவர் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். அப்புறம் நான். கடைக்கு ஆர்டர் எடுக்கும் ப்ரோக்ராமை எழுதியவன் என்பதால், எங்கே நின்றால் யார் கண்ணிலும் படமாட்டேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாயந்திரம் ரிசப்ஷன். முந்நூறு பேருக்கு இட்லி. நாலு மணிக்கு அடுப்புல ஏத்தணும்ங்க,” என்றார் முருகேசன். “குண்டான் ரெண்டு வந்துச்சு. மூடி எங்க? ஆவி எல்லாம் மேல போயிட்டா இட்லி எப்படி வேகும்?”

ஏழுமலை சட்டைப்பையிலிருந்து ஆர்டர் பிரிண்டை எடுத்து நீட்டினார். “எங்கிட்ட இன்னாத்துக்குக் கோவிச்சுக்கறீங்க? இதப் பாருங்க. குண்டானுக்கு மூடி வேணாம்னு போட்டுக்குது. சாம்பார் வாளிக்கு மூடி வேணும்னு போட்டுக்குது. வாளிக்கு ஏதுங்க மூடி? ஆறு டிபன் தட்ட எடுத்து மேல கவுத்து அனுப்பிச்சேன்.”

“அந்தத் தட்டு இன்னாத்துக்குனு எங்க மாஸ்டர் காலைலேர்ந்து யோசிச்சுட்டு இருக்காரு!”

ஏழுமலை மேல் தப்பில்லை. “பிரிண்ட்ல இருக்கறதுக்கு ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்” என்று போன வாரம்தான் முதலாளி அவரைச் சத்தம் போட்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கம்ப்யூட்டர அப்புறம் பாரு. மொதல்ல மூடிய எடுத்துக்கினு அவர்கூடப் போ,” என்றார் முதலாளி. “இட்லி வேகலைனா நீ இந்தப் பக்கமே வராத.”

பின்சீட்டில் உட்கார்ந்து, கைக்கு ஒரு மூடியாகப் பிடித்துக்கொண்டேன். வேகம் கூடியபோதெல்லாம் காற்று மூடியில் அடித்து என்னைப் பின்னால் தள்ளியது. “தம்பி, பறந்துடாத. மூடி போயிடும்,” என்றார் முருகேசன். என்னைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ப்ரோக்ராம் எழுத பிஎச்பி கற்றது பிரவுசிங் சென்டரில், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து எடுத்த பிரிண்டுகளிலிருந்து. ஆர்டர் ஃபார்மில் வரிக்கு மூன்று கட்டம்: பாத்திரத்தின் பெயர், எண்ணிக்கை, மூடி வேண்டுமா என்று ஒரு செக்பாக்ஸ். முதலில் எல்லா வரிக்கும் ஒரே பெயர் வைத்தேன். பத்துப் பாத்திரம் அனுப்பினால் கடைசிப் பாத்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. பெயருக்குப் பின்னால் [] போட்டால் எல்லாம் அர்ரேயாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும் என்று தெரிந்து pathiram[], ennikkai[], mudi[] என்று மாற்றினேன். அத்தனையும் வந்தன. ஆனாலும் பயம் போகாமல் இருபது தடவை சோதித்தேன்.

மூன்றே காலுக்கு மண்டபம் சேர்ந்தோம். சமையல் மாஸ்டர் மூடியை வாங்கிக் குண்டான் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். “இது ஒண்ணுதான்பா வேணும்னு சொன்னேன்,” என்றார்.

அந்த ‘ஒண்ணு’ எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் ஈடு வெந்ததும் எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மறுநாள் அதே ஆர்டரைப் போட்டு, வந்ததை அப்படியே காட்டும் print_r-இல் பார்த்தேன். பாத்திரம் நான்கு: வாளி, அண்டா, குண்டான், கரண்டி. மூடி ஒன்றே ஒன்று. டிக் போடாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்புவதே இல்லை. மூன்றாவது வரியில் போட்ட டிக், மூடி அர்ரேயில் முதல் ஆளாக, பூஜ்ய எண்ணில் வந்து நின்றது; அர்ரேயில் எண்ணிக்கை தொடங்குவது பூஜ்யத்திலிருந்து. பூஜ்யத்தில் இருந்த பாத்திரம் வாளி. அவ்வளவுதான் கதை.

வரிக்கு எண்ணை நாமே கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது வரி என்றால் pathiram[2], ennikkai[2], mudi[2]. mudi[2] வந்திருக்கிறதா என்று isset போட்டுப் பார்த்தால், வராதது வேண்டாதது. வேலை பத்து நிமிஷம்.

இருபது தடவை சோதித்தும் ஏன் சிக்கவில்லை? எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, சோதித்த ஒவ்வொரு தடவையும் எல்லா வரியிலும் டிக் போட்டேன். நிஜத்தில் எந்த வாடிக்கையாளரும் அப்படிப் போடுவதில்லை. இப்போது என்னிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிரப்பிப் பார்த்தது போதும், ஒன்றிரண்டைக் காலியாக விட்டு அனுப்பிப் பாருங்கள்.

பேசிய கூலி இரண்டாயிரம், வாங்கிய அட்வான்ஸ் ஆயிரத்து இருநூறு. “ஒரு சீசன் ஒழுங்கா ஓடட்டும்பா, தரேன்” என்றார் முதலாளி. பல சீசன் ஓடிவிட்டது. கடை கொடுக்க வேண்டிய பாக்கிப் பட்டியலுக்கும் ப்ரோக்ராமில் என்னையே ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அதிலும் ஒரு வரிகூட இடம் மாறியதில்லை. ஏழாவது வரியில் என் பெயர்; நேர் எதிரே, எண்ணூறு ரூபாய்.