ஒயர் விறைக்கும் தூரம்

போன வாரம்வரை என் கடைப் பரணில் ஒரு பழைய மைக் ஒயர் கிடந்தது. நடுவில் இரண்டு இடங்களில் கறுப்பு டேப் சுற்றியது. ஒயர் இல்லாத மைக் வந்தபிறகு மற்றவற்றையெல்லாம் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டேன். இதை மட்டும் போட மனம் வரவில்லை. இழுத்து இழுத்து அதை அந்தக் கதிக்கு ஆளாக்கியவர் எங்கள் ஊர் இயற்கைக் குழுவின் செயலாளர்.

அவருக்குத் தபால் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மகளிர் குழு, உழவர் குழு, ரெட்டிபாளையத்து லாரி டிரைவர்கள் என யார் கூப்பிட்டாலும் போய் மானையும் மயிலையும் பற்றிப் பேசுவார். பெரம்பலூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் நான் வேனோடு பின்னாலேயே போவேன். மனுஷி ஓர் இடத்தில் நின்றால்தானே! மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பார். ஒயர் நாற்காலிக் காலில் சிக்கும், ஆம்ப்ளிஃபயர் மேசையை விட்டு நகரும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “மேடம், கொஞ்சம் நின்னு பேசுங்களேன்” என்றால், “நின்னா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குதுங்க” என்பார்.

கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடும்; மான்கள் வெளியே வந்து வண்டியில் அடிபடும், நாய்களிடம் மாட்டும்; அதனால் காட்டோரத்தில் நிலம் உள்ளவர்கள் வயலருகே தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அவர் பேச்சு எங்கே சுற்றினாலும் இதில்தான் வந்து முடியும். ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, “எங்க சோளத்த மேயுறதும் இல்லாம, அதுக்குத் தண்ணி வேற நாங்க வைக்கணுமாக்கும்?” என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் தொட்டி வைத்தது அந்த அக்கா ஒருத்திதான்.

வைத்த இடம்தான் வினையாகிவிட்டது. மோட்டாரிலிருந்து ஓஸ் பைப் எட்டியது கிணற்றடி வரைக்கும்தான். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்து கிடக்கும். தண்ணீர் குடிக்க வந்த பெண்மான் ஒன்று நாய் குரைத்ததில் மிரண்டு பின்வாங்கி, உள்ளே விழுந்துவிட்டது. செயலாளருக்குத் தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள். உயிர் இல்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதானங்க தண்ணி வச்சேன்” என்று அந்த அக்கா அழுதார். செயலாளர் தொட்டிக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். திரும்பும்போது வேனில், “நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அது உசுரோட இருந்திருக்கும்ங்க” என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். பொய்யாகத்தான் இருக்கும் என்று வேனை ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தேன்.

இனிப் பேசமாட்டார் என்றுதான் எண்ணினேன். அடுத்த ஞாயிறே போன் வந்தது. பக்கத்து ஊரில் ஒரு கிணற்றோரத்தில் ஆம்ப்ளிஃபயரை வைக்கச் சொன்னார். மைக்கை எடுத்துக்கொண்டு ஒயர் விறைக்கும்வரை நடந்தார். “தொட்டிய இதுக்கும் தள்ளித்தான் வைக்கணும். ஓஸ் எட்டலைன்னா கொடத்துல தூக்கிட்டு வந்து ஊத்துங்க. முடியாதுன்னா தொட்டியே வேணாம்” என்றார். பிறகு, தன் பேச்சால் செத்த மானைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் அதைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் அதே இடத்தில் உடைந்தது.

பதவி உயர்வில் அவர் வெளியூர் போனதும் குழுவும் கலைந்துபோனது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு செட் போடப் போகும் வழியில், ஒரு கிணற்றை ஒட்டினாற்போல் புதுத் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு மைக்கைத் திறக்க மறந்து வசவு வாங்கினேன். இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பரணில் ஏறி அந்த ஒயரை எடுத்துக்கொண்டு புதுத் தொட்டி இருந்த வயலுக்குப் போனேன்.

மைக்கில் “ஹலோ, டெஸ்டிங்” என்பதைத் தவிர ஆயுளில் நான் எதுவும் பேசியதில்லை. நிலத்துக்காரரிடம் ஒரு முனையைக் கொடுத்து, “அண்ணே, இதக் கெணத்தோரமாப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க” என்றேன். எதற்கென்று புரியாமலே பிடித்துக்கொண்டார். ஒயர் விறைத்த இடத்திலிருந்து அந்த மானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கால் தானாக நகர்ந்தது.

“ஒயர் இழுக்குதுங்க,” என்றார் அவர் அந்த முனையிலிருந்து. “கொஞ்சம் நின்னு பேசுங்களேன்.”