கம்ஜோரி என்று சொல்லி வருகிறவர்கள்

பாலியல் நலப் பிரிவில் கவுன்சலராக உட்காருகிறவருக்கு முதல் தகுதி, வருகிறவர் கப்பல் டிக்கெட், மழை, மீன் விலை எல்லாம் பேசி முடித்து விஷயத்துக்கு வரும்வரை முகம் மாறாமல் இருப்பது. போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் அந்த நாற்காலி என்னுடையது. தமிழர், வங்காளி, தெலுங்கர் யார் வந்தாலும் சொல்லும் முதல் வார்த்தை ‘கம்ஜோரி’. இந்தியில் பலவீனம். அதற்குப் பின்னால் சர்க்கரை நோய் இருக்கலாம், வெறும் களைப்பு இருக்கலாம், மனம் சரிந்துகொண்டிருப்பதன் முதல் அறிகுறியும் இருக்கலாம். எது என்று நாம்தான் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவர் ரகசியத்தைக் கேட்டுப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சத்து மாத்திரை

ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் கட்டும் ஒப்பந்தக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். “கம்ஜோரி மேடம். ஒரு சத்து மாத்திரை தந்தியள்னா நாலு மணி போட்டைப் பிடிச்சிருவேன்” என்றார். வீட்டுக்காரி பக்கத்தில் போகவே மனசு வரவில்லையாம். தூக்கம் எப்படி என்று கேட்டேன். விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். சாப்பாடு? மீன் வாசமே ஆகவில்லை. தூத்துக்குடிக்காரர் மீனை வெறுத்தால் எனக்குக் கவலை வராதா?

டாக்டர் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார். இரண்டும் சரி. மனச்சோர்வு போலிருக்கிறது, மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். எழுந்து போய்விடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் சொன்னது:

“நான் கீழ ரிப்பேருன்னுதானே வந்தேன்? நீங்க மேல் மாடியைத் தொறந்துட்டியளே மேடம்!”

மனநல டாக்டரிடம் போனார். மருந்து சாப்பிடுகிறார். மீனும் சாப்பிடுகிறாராம்.

அளவுக்கு மீறிய அன்பு

கலைவாணியின் கணவர் கார் நிக்கோபார் தீவில் அரசு அலுவலகத்தில் கிளார்க். விடுமுறைக்கு போர்ட் பிளேர் வந்த இடத்தில், கலைவாணி மட்டும் தனியாக என்னிடம் வந்தார். துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி ஒருவழியாகச் சொன்னார்: கணவருக்குத் திடீரென்று ஆசை அதிகமாகிவிட்டது. தோழிகளிடம் சொன்னால், “குடுத்து வச்சவ!” என்று சிரிக்கிறார்கள். வேண்டாம் என்றால் சீறுகிறார். சக ஊழியரின் மனைவிக்குக்கூட ஏதோ மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அதுவரை அதிர்ந்து பேசாத மனுஷன். வேறு பெண் பழக்கமோ என்பது கலைவாணியின் பயம்.

தூங்குகிறாரா என்று கேட்டேன். “தூங்குறதே இல்ல. ஆனா களைப்பே தெரியல. சென்னைக்குச் சொந்தமா கப்பல் விடப் போறாராம்.” தம்பதிப் பரிசோதனை என்று சொல்லி எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றேன்.

மறுநாள் சென்ட் மணக்க வந்தார். சிரிப்பு, பாட்டு. “அரே மேடம், உங்களுக்கு அஞ்சு மாடியில கிளினிக் கட்டித் தர்றேன்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மனநல டாக்டர் பேசிப் பார்த்துவிட்டு, இது மனஎழுச்சி நோயின் தொடக்கம், அட்மிட் செய்ய வேண்டும் என்றார். கணவர் வராந்தாவில் நின்று மனைவியைத் திட்டிய திட்டில், தப்புப் பண்ணிவிட்டோமோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

குணமாகி வேலைக்குத் திரும்பினார். சில மாதம் கழித்து கலைவாணியிடமிருந்து போன். மருந்தால் ஆசையே போய்விட்டது, அதனால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாராம். “நிறுத்த வேண்டாம், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்” என்று கெஞ்சினேன். அப்புறம் வந்து மருந்தை மாற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் அன்றைக்குப் போனில் கலைவாணி கேட்டது:

“அப்ப விடாம கட்டிப் பிடிச்சாரு, பயமா இருந்துச்சு. இப்ப தங்கச்சியப் பாக்குற மாதிரி பாக்குறாரு, அதுவும் பயமா இருக்கு. நடுவுல ஒரு புருஷன் கிடைக்கவே மாட்டாரா மேடம்?”

கத்தி பட்ட கழுத்து

பஜாரில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ஹக்கீமுக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். சலூனில் கத்தி லேசாகக் கீறியதிலிருந்து எய்ட்ஸ் வந்துவிட்டதென்று பயம். பரிசோதனையில் ஒன்றுமில்லை. திரும்பவும் வந்தார், ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கை வெடித்திருந்தது. நிக்காஹைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம். இது ரத்தத்தில் இருக்கிற நோயில்லை, மனசைப் பிடித்துக்கொண்டு விடாத பயம், இதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பினேன். எழுந்தவர் கதவுவரை போய்த் திரும்பி வந்தார்:

“நீங்க இல்லைன்னு சொல்லும்போது நம்புறேன்க்கா. வாசல் தாண்டினதும் போயிடுது. நான் இங்கேயே உக்காந்துக்கட்டுமா?”

புகார் சொல்ல வந்தவர்

டிரைவர் பாஸ்கர், மனைவி ரேவதியைக் கூட்டி வந்தது புகார் சொல்லத்தான். குழந்தை பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே விடுவதில்லையாம். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை அழுதது; அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாஸ்கரிடம் குழந்தையைக் கொடுத்து வெளியே அனுப்பினேன்.

ரேவதி மெதுவாகச் சொன்னாள்: “தையல் போட்ட இடம் இன்னும் வலிக்குது. அது பரவால்லக்கா. நான் இல்லாம இருந்தா குழந்தை நல்லா இருக்கும்னு தோணிட்டே இருக்கு.”

நான் அவள் கையை விடவில்லை. அப்படியே டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனேன். அன்றே அட்மிஷன். மெயின்லேண்டிலிருந்து அவள் அக்கா வர வேண்டும். கடல் சரியில்லை, கப்பல் தாமதம். அக்கா வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மெல்ல மெல்லத் தேறினாள். இப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காய் வாங்கப் போகிறாள். ஆனால் அன்று வராந்தாவில், அழுகிற குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே பாஸ்கர் சொன்னது:

“கிட்ட வராதன்னா எனக்குக் கோபம் வந்துச்சு மேடம். சாப்பாடு வேணாம்னா, சரின்னு தட்டை எடுத்து வச்சிட்டுப் போயிருக்கேன்.”

வீட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர், “ஒரே அலுப்பு, தள்ளிப் படு” என்றார். தூக்கம் எப்படி, பசிக்கிறதா, எதிலாவது ஈடுபாடு குறைந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“காலையிலிருந்து தண்ணி டேங்க் கழுவியிருக்கேன்டி. அதுக்கும் ஒரு வியாதி பேரு வச்சிருக்கீங்களா?”

ஊரே கூச்சப்பட்டு மறைப்பதைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் யாராவது ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்னால்தான் எனக்குத் திக்கென்கிறது.